எண் போடுவதற்கு முன் இரண்டு கேள்விகள்: டிரம் கோர் ஷோவை மதிப்பிடும் முறை

டிரம் கோர் போட்டியை முதன்முறையாகப் பார்க்கிறவர் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "யாருமே தப்புப் பண்ணின மாதிரித் தெரியலையே, அப்புறம் எப்படி இவங்க முதலிடம், அவங்க நாலாமிடம்?" நியாயமான கேள்வி. அமெரிக்கக் கால்பந்து மைதானம் ஒன்றில் 165 பேர் வரை இறங்குகிறார்கள். எல்லோரும் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். பிராஸ் வாத்தியங்கள், டிரம்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கலர் கார்டு. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத ஒரே ஷோவை ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் நிகழ்த்துகிறார்கள். பகலெல்லாம் ஒத்திகை. ஆகஸ்டில் டி.சி.ஐ. என்கிற டிரம் கோர் இன்டர்நேஷனலின் சாம்பியன்ஷிப்புக்கு வந்து சேரும்போது முதல் பன்னிரண்டு கோர்களில் எதுவுமே சாதாரணக் கண்ணுக்குத் தப்புச் செய்வதில்லை. எனவே தப்பை எண்ணிக்கொண்டிருந்தால் மதிப்பிடவே முடியாது.

நடுவர் இரண்டு கேள்விகளோடு உட்கார வேண்டும். இவர்களிடம் என்ன கேட்கப்பட்டிருக்கிறது? கேட்டதை எவ்வளவு நன்றாகக் கொடுக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு எண் போடக்கூடாது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் செய்யும் வழி.

டிக் போட்ட காலம்

இந்த இரண்டு கேள்விகளும் எப்போதும் சமமாகக் கேட்கப்படவில்லை. டிரம் கோர் போட்டிகளை முதலில் நடத்தியவர்கள் அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள். ராணுவ அணிவகுப்பின் ஒழுங்குதான் அவர்களுக்கு அளவுகோல். நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக வரிசைகளுக்கு நடுவே நடப்பார்கள். ஒருவர் கால் தவறினால் ஒரு கோடு, டிரம் குச்சி ஒன்று பிந்தினால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பெயர் டிக். ஒரு டிக்குக்குப் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். முழு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி இறங்கிக்கொண்டே வரும் கணக்கு.

1971இல் கோர்களே சேர்ந்து டி.சி.ஐ.யைத் தொடங்கின. 1972இல் விஸ்கான்சின் மாநிலம் ஒயிட்வாட்டரில் நடந்த முதல் சாம்பியன்ஷிப்பில் கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. அமைப்பு மாறினாலும் டிக் முறை இன்னும் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. அதன் விளைவு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடினமான ஒன்றை முயன்றால் டிக் அதிகம் விழும். எளிதானதைச் சுத்தமாகச் செய்தால் விழாது. எனவே துணிந்து எழுதுவது நஷ்டம். ஷோவின் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு மட்டும் புள்ளி கூட்டிப் போடும் தனிப் பிரிவு இருந்ததால்தான் கற்பனை முற்றிலும் வற்றிப்போகாமல் இருந்தது.

1984 சீசனில் டிக் முறை கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு மதிப்பெண் கீழிருந்து மேலே ஏறுகிறது: செய்த சாதனைக்குப் புள்ளி. அதே ஆண்டுகளில்தான் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் 1983, 84, 85 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றது. அதன் டிரில்லை, அதாவது மைதான நகர்வுகளை, எழுதியவர் ஜார்ஜ் ஸிங்காலி. மைதான நடுவிலுள்ள ஐம்பது கெஜக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கமும் இருக்கவேண்டும் என்ற பழைய சமச்சீர் வழக்கத்தை உடைத்து, வளைந்து கரைந்து மீண்டும் உருவாகும் வடிவங்களை ஓட்ட வேகத்தில் போட்டார். முதல் வெற்றி டிக் முறை இருந்தபோதே வந்தது என்பதைக் கவனியுங்கள். விதி மாறுவதற்கு முன்பே கலைஞர்கள் மாறிவிட்டார்கள். விதி பின்னால் ஓடிப் பிடித்துக்கொண்டது. இந்தத் துறையில் அது வாடிக்கை.

டிக் முறையின் ஆவி மட்டும் போகவில்லை. ஒரு வாள் கீழே விழுந்த உடனே "போச்சு, மதிப்பெண் போச்சு" என்று பக்கத்து இருக்கைக்காரர் உச்சுக்கொட்டுவார். இன்றைய மதிப்பெண் தாளில் அந்த வாளுக்கென்று தனிக் கழிவு எதுவும் கிடையாது. விழுந்த வாளை எடுத்தவர் அடுத்த பீட்டில் தன் பாத்திரத்துக்குள் திரும்பினாரா, அந்த வீச்சு எவ்வளவு கடினமானது, சுற்றியிருந்தவர்கள் கலங்கினார்களா என்றுதான் நடுவர் பார்க்கிறார். கழிவு என்பது இப்போது நேர வரம்பு மீறல் போன்ற விதிமீறல்களுக்கு மட்டும்.

தாளின் கணக்கு

மொத்தம் 100. அதில் 40 ஜெனரல் எஃபெக்ட், அதாவது ஷோ முழுமையாகப் பார்ப்பவர்மேல் ஏற்படுத்தும் தாக்கம். இதற்கு இரண்டு நடுவர்கள், ஆளுக்கு 20. முன்பு ஒருவர் இசையின் தாக்கத்தையும் மற்றவர் காட்சியின் தாக்கத்தையும் பார்ப்பார்கள். 2013 முதல் இருவருமே இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். காட்சிக்கு 30: தனிநபர் அசைவுத் தேர்ச்சி, காட்சி அமைப்பின் பகுப்பாய்வு, கலர் கார்டு என்று மூன்று தாள்கள், தாளுக்கு 20. கூட்டினால் 60, பாதியாக்கினால் 30. இசைக்கும் அப்படியே: பிராஸ், தாளப் பிரிவு, இசைப் பகுப்பாய்வு.

கற்பனையான ஒரு கோரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஜெனரல் எஃபெக்ட் 19.2, 19.0, கூட்டினால் 38.2. காட்சித் தாள்கள் 19.1, 18.9, 19.3, கூட்டினால் 57.3, பாதி 28.65. இசைத் தாள்கள் 18.8, 19.0, 19.2; கூட்டினால் 57, பாதி 28.5. மொத்தம் 95.35. இதிலிருந்து ஒன்று புரியும். ஜெனரல் எஃபெக்ட் நடுவர் கூட்டும் பத்திலொரு பங்கு அப்படியே மொத்தத்துக்குப் போகிறது. பிராஸ் நடுவர் கூட்டுவது பாதியாகத்தான் போகிறது. ஷோ வடிவமைப்பாளர்கள் ஜெனரல் எஃபெக்டை நினைத்துத் தூக்கம் கெடுவதற்கு இதுதான் காரணம்.

ஒவ்வொரு தாளும் மறுபடி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி உள்ளடக்கம், மறு பாதி சாதிப்பு, பத்துப் பத்துப் புள்ளி. ஜெனரல் எஃபெக்ட் தாளில் அதுவே ஷோவின் அமைப்பு, நிகழ்த்துதல் என்று பெயர் மாறி வருகிறது. எல்லாத் தாளின் 'என்ன' பகுதியையும் ஒருபக்கம் கூட்டுங்கள், 'எப்படி' பகுதியை மறுபக்கம். சரியாக 50, 50. தாளே நம்மிடம் இரண்டு கேள்வியையும் சமமாகக் கேட்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'என்ன' என்ற பத்தி காகிதத்தில் எழுதியதற்கான பரிசு கிடையாது. டிரில் வரைந்தவர் எத்தனை நுணுக்கமாக வரைந்திருந்தாலும், மைதானத்தில் தெரிந்த அளவுக்குத்தான் எண். கலைஞர்கள் வெளிக்காட்டாத கடினம் நடுவருக்கு இல்லாத கடினம். அதனால்தான் ஜூனில் உள்ளடக்கத்துக்குக் குறைவாக வாங்கிய அதே ஷோ, ஒரு ஸ்வரம்கூட மாறாமல், ஆகஸ்டில் அதே பத்தியில் அதிகம் வாங்குகிறது. பெற்றோர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். குழம்பத் தேவையில்லை.

என்ன கேட்கப்பட்டிருக்கிறது?

கடினத்தை வேகத்தால் மட்டும் அளப்பது தொடக்கநிலைத் தவறு. ஒரே நேரத்தில் எத்தனை பொறுப்புகள் தலைமேல் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரு ட்ரம்பெட் வாசிப்பவர் நின்றபடி வேகமான சங்கதி ஒன்றை ஊதுவது ஒரு பொறுப்பு. அதையே நிமிடத்துக்கு 180 பீட்டில், பின்னோக்கி நடந்தபடி, தோள்கள் மட்டும் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்க, வலப்பக்கத்து ஆளோடு மாறாத இடைவெளியில், வளைகோடு ஒன்று நேர்கோடாக மாறும் பாதையில் ஊதுவது ஐந்து பொறுப்பு. டிரம்களைத் தோளில் மாட்டிய பேட்டரிக்காரர்கள் முன்புறம் திரும்பியபடியே, கால் மேல் கால் குறுக்கே வைத்து நண்டு நடையில்தான் பக்கவாட்டில் போகமுடியும். ஐந்து பேஸ் டிரம்களும் ஐந்து சுருதியில் இருக்கும். ஒரே வரியை ஐந்து பேர் துண்டு போட்டுப் பங்கிட்டு வாசிக்கிறார்கள். ஒருவர் ஒரு மயிரிழை பிந்தினாலும் வரி நொண்டும். ஸ்னேர் டிரம்காரர்கள் எட்டொன்பது பேர் ஒரே குச்சியாக ஒலிப்பதும் கடினம்தான். ஆனால் அது வேறு வகைக் கடினம். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்கவேண்டிய சங்கடம் தாளப் பிரிவு நடுவருக்கு.

மெதுவான பகுதிகளில்தான் புதிய நடுவர்கள் ஏமாறுகிறார்கள். எண்பது பேர் மெல்லிய ஒலியில் நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, மைதானம் முழுக்கச் சிதறி, ஒரே சுருதியில் நிற்பது வேகமான ஓட்டத்தைவிட எளிதென்று யார் சொன்னது? மெதுவான நடையில் ஒரு பாதம் இறங்கும் தருணம் கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும். ஓடும்போது அந்தத் தவறு காற்றில் மறைந்துவிடும்.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. கடினமாகத் தோன்றுவதற்கென்றே எழுதப்பட்ட பகுதிகள். மைதானம் முழுக்க ஆட்கள் ஓடுவார்கள், கொடிகள் பறக்கும், மேடைப் பொருள்கள் உருளும்; ஆனால் உற்றுப் பார்த்தால் ஓடுகிற எவரும் வாசிப்பதில்லை, வாசிக்கிற எவரும் நகர்வதில்லை. வடிவமைப்புத் தந்திரமாக அதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாக் கோரும் செய்வதுதான். மூச்சு வாங்க இடம் வேண்டாமா? ஆனால் 'என்ன' பத்தியில் எண் போடும்போது யார் எப்போது எதைச் சுமந்தார்கள் என்று நடுவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மின்கருவிகள் வந்த பிறகு இது இன்னும் சிக்கல். 2004இல் ஒலிபெருக்கிக்கும், 2009இல் சின்தசைசர் உள்ளிட்ட மின்னணுக் கருவிகளுக்கும் அனுமதி கிடைத்தது. மைதான முன்வரிசையில் நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன் கூட்டத்துக்கு இது பெரும் வரம். மென்மையாக அடித்தாலும் மேல்தளம் வரை கேட்கிறது. ஆனால் உச்சக்கட்டத்தில் காதை நிறைப்பது எழுபது எண்பது பிராஸ்காரர்களின் மூச்சா, சின்தசைசரின் கீழ்ஸ்தாயி முழக்கமா என்று இசைப் பகுப்பாய்வு நடுவர் பிரித்துக் கேட்கவேண்டும். என் சொந்த அபிப்பிராயம்: பல ஷோக்களில் அந்த முழக்கத்தைக் குறைத்தால் பிராஸ் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அபிப்பிராயத்துக்குத் தாளில் பத்தி இல்லை. சமநிலை கெட்டதா இல்லையா என்பதற்கு மட்டும்தான் உண்டு.

எப்படிச் செய்கிறார்கள்?

இது கண்ணையும் காதையும் பழக்கும் வேலை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் பாதி முடிந்தது.

பாதத்திலிருந்து தொடங்குங்கள். மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு. வழக்கமான நடை, கோட்டுக்குக் கோடு எட்டுக் காலடி. ஒரு காலடி 22.5 அங்குலம். எல்லோர் பாதமும் ஒரே கணத்தில் இறங்குகிறதா? நடை நின்றதும் மேலுடல் முன்னால் சரிகிறதா? திசை மாறும் முதல் காலடியைப் பாருங்கள். கற்றுக்கொடுத்ததின் தரம் அங்கே தெரியும், இடைப்பட்ட ஆறு காலடிகளில் தெரியாது. பிறகு இடைவெளி. வளைகோட்டைப் பார்க்கும்போது கோட்டை மட்டும் பார்க்காமல் ஆட்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடங்களைப் பாருங்கள். எல்லா வெற்றிடமும் ஒரே அளவா? கண் தானாகவே பிழைக்குப் போய் நிற்கும்.

காதுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் இயற்பியல் தெரிந்தே ஆகவேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. மைதானத்தின் பின்கோட்டிலிருந்து முன்கோடு 53 கெஜத்துக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட 49 மீட்டர். ஆகவே பின்னால் எழும் ஒலி முன்னால் வந்துசேர ஏழில் ஒரு நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 பீட் என்றால் ஒரு பீட்டுக்கு மூன்றில் ஒரு நொடி. அதை நான்காகப் பிரித்து வாசிக்கும்போது ஒவ்வொரு துண்டும் பன்னிரண்டில் ஒரு நொடிதான். பின்வரிசைக்காரரும் முன்வரிசைக்காரரும் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையை மட்டும் பார்த்து அப்பழுக்கில்லாமல் ஒரே கணத்தில் வாசித்தாலும், முன்னால் இருப்பவர் காதில் பின்வரிசை ஏறக்குறைய இரண்டு துண்டு பிந்தித்தான் விழும். அதனால் கோர்கள் பின்னாலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அதன்மேல் வாசிக்கப் பழகுகின்றன. பேட்டரி பெரும்பாலும் நடுவில் பின்னால் நிற்கும். முன்வரிசையின் மரிம்பா கூட்டம் கையைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தத் துடிப்பைக் காதால் பிடிக்கும். அப்போதுதான் எல்லா ஒலியும் மேலே நடுவர் அறைக்கு ஒன்றாக வந்துசேரும்.

இதிலிருந்து நடுவருக்கு ஒரு கண்டிப்பான விதி பிறக்கிறது. இருபது கெஜக் கோட்டுக்கு நேரே, கீழ்வரிசையில் உட்கார்ந்து "தாளம் கிழிகிறது" என்று எழுதாதீர்கள். அங்கே எல்லாக் கோருக்கும் கிழியும். மைதானத்தின் இரு முனைகளும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இல்லை. குழு ஒருங்கிணைப்பைச் சொல்லவேண்டியவர் நடுவில், உயரத்தில் இருக்கிறவர். அதேபோல மைதானத்தில் இறங்கி அருகே நிற்கும் நடுவருக்குத் தனி ஆளின் மூச்சும் விரலும் தெரியும்; மொத்த வடிவம் தெரியாது. ஒவ்வொருவரும் தன் இடத்திலிருந்து நேர்மையாகக் கேட்கக்கூடியதை மட்டும் எழுதினால் எட்டுத் தாளும் சேர்ந்து உண்மையைச் சொல்லும்.

தாக்கம் என்னும் வழுக்குநிலம்

ஜெனரல் எஃபெக்ட் தாள்தான் அதிகம் சண்டை மூட்டுவது. அறிவுக்கு, உணர்வுக்கு, அழகுணர்வுக்கு என்று மூன்று வழிகளில் ஷோ பார்ப்பவரை ஈர்க்கிறதா என்று இங்கே கேட்கிறார்கள். அதோடு வேகமும் நிதானமும் அடுக்கப்பட்ட விதம், ஒரு காட்சி அடுத்ததற்கு இட்டுச்செல்லும் விதம், இசையின் உச்சமும் காட்சியின் உச்சமும் ஒரே கணத்தில் வந்து மோதும் விதம்.

கைதட்டலை அளந்து எண் போடலாமா? கூடாது. கைதட்டலே காதில் விழாதவர்போல் இருக்கலாமா? அதுவும் கூடாது. இரண்டு ஷோக்கள் இதற்கு நல்ல பாடம்.

முதலாவது 1993இல் ஸ்டார் ஆஃப் இண்டியானாவின் ஷோ. சாமுவேல் பார்பரின் மெடியா இசையும் பேலா பார்ட்டோக்கின் இசையும். இனிய மெட்டு எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கூரான, குளிர்ந்த ஒலி. வழக்கமான அணிவகுப்பு நடைக்கு நடுவே உடலை வளைத்து எழுதிய அசைவுகள். அரங்கம் அதற்கு உருகிவிடவில்லை. பிராஸ் வாசிப்பின் சுத்தம் இன்றும் பேசப்படுகிறது. இறுதியில் கேடட்ஸ் 97.4 பெற்று வென்றது, ஸ்டார் 97.3, இரண்டாமிடம். அதோடு ஸ்டார் போட்டிக் களத்தை விட்டே போய்விட்டது. அதன் வழித்தோன்றலான 'பிளாஸ்ட்' மேடை நிகழ்ச்சி 2001இல் டோனி விருது பெற்றது. பிற்காலக் கோர்களின் உடல் அசைவில் அந்த ஷோவின் பிள்ளைகளைப் பார்க்கலாம். அன்றைய நடுவர்கள் தவறிவிட்டார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. பிற்காலத்தில் ஒரு ஷோ எதற்கு வித்திடும் என்று கணிப்பது நடுவர் வேலை இல்லை. அன்றிரவு, அந்த அரங்கில், அது எதைச் செய்தது என்பது மட்டுமே வேலை. பத்திலொரு பங்கு வித்தியாசம் என்பதே, அரங்கம் உருகாத ஷோவையும் அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்குச் சான்று.

இரண்டாவது 2008இல் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டின் ஃபேன்டம் ரெஜிமென்ட் நிகழ்த்திய ஸ்பார்ட்டகஸ். அடிமைகளின் கலகக் கதை. கதை சொல்ல யாரும் விளக்கவுரை படிக்கவேண்டிய தேவையில்லை. அரங்கம் எழுந்து கத்தியது. இறுதி மதிப்பெண் 98.125, இரண்டாவதாக வந்த புளூ டெவில்ஸ் 98.1. வித்தியாசம் 0.025. இறுதிச்சுற்றில் சில தாள்களுக்கு இரண்டு நடுவர்களைப் போட்டுச் சராசரி எடுப்பார்கள். பாதியாகும் தாளில் சராசரியும் சேர்ந்தால் ஒரு நடுவரின் பத்திலொரு பங்கு 0.025 ஆகச் சுருங்கும். அதாவது அப்படிப்பட்ட ஒரு தாளில் ஒரு நடுவர் ஃபேன்டமுக்கு ஒரே ஒரு பத்திலொரு பங்கைக் குறைத்திருந்தால் இருவரும் சமநிலை. சமநிலையும் புதிதில்லை: 1996, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளில் பட்டம் இரண்டு கோர்களுக்குப் பொதுவானது.

இந்தக் கணக்கைப் பார்த்து "எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்" என்று முடிவுகட்ட வேண்டாம். எனக்குத் தோன்றுவது வேறு. கச்சேரியில் ஒருவர் பழகிய கீர்த்தனையை அப்பழுக்கில்லாமல் பாடுகிறார். இன்னொருவர் கடினமான பல்லவியை எடுத்து ஓரிடத்தில் இழுத்துப்பிடித்துக் கரைசேர்க்கிறார். சபையில் பாதிப்பேர் ஒருபக்கம், பாதிப்பேர் மறுபக்கம். இருதரப்பும் சங்கீதம் தெரிந்தவர்கள்தான். உச்சத்தில் வித்தியாசம் சிறுத்துப்போவது அளவுகோல் பழுது என்பதைக் காட்டவில்லை. இரண்டு சாதனைகள் வேறு வேறு வகையில் நிறைவாக இருக்கின்றன என்பதைக் காட்டுகிறது.

எண்ணைக் கையாளும் விதம்

தாளில் பெட்டிகள் இருக்கும். கீழ்ப்பெட்டி எப்போதாவது சாதிப்பவர்களுக்கு, மேல்பெட்டி இடைவிடாமல் சாதிப்பவர்களுக்கு. முதலில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதற்குள் எண்ணை. எண்ணில் தொடங்கிப் பெட்டிக்குப் போகிறவர்கள் நேற்றைய மதிப்பெண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

அது பெரிய நோய். நேற்று மூன்றாவதாக வந்த கோர் இன்றும் மூன்றாவதாகத்தான் வரும் என்று கை தானாக எழுதும். பெயரும் மயக்கும்: 2014இல் 99.65 வாங்கி இதுவரையிலான உச்சத்தைத் தொட்ட புளூ டெவில்ஸ் மைதானத்தில் இறங்கினால் பேனா தானாகவே மேல்பெட்டிக்குப் போகும். ஷோ தொடங்கி முதல் மூன்று நிமிடம் எண்ணே நினைக்காதீர்கள். பெயரை மறைத்துவிட்டால் இதற்கு என்ன போடுவேன் என்று ஒரு முறையாவது கேளுங்கள்.

வரிசைப்படுத்துவதும் இடைவெளி விடுவதும் சேர்ந்ததுதான் எண். இரண்டு கோர்களுக்கு நடுவே பத்திலொரு பங்கு என்றால் "கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் இது ஒரு மயிரிழை மேல்" என்று பொருள். அரைப்புள்ளி என்றால் யாருக்கும் தெரியும் வித்தியாசம். உங்கள் இடைவெளி இந்தப் பொருளைச் சொல்லவில்லையென்றால் வரிசை சரியாக இருந்தும் தாள் தவறு. முதலில் ஆடும் கோருக்கு எண் போடும்போது பின்னால் வருபவர்களுக்கு மேலே இடம் விடுங்கள். ஆனால் முதலில் ஆடியது அபாரமாக இருந்தால் அதற்குரியதைக் கொடுக்கத் தயங்கவேண்டாம். பின்னால் வருபவர்கள் மேலே போக முடியாவிட்டால் அது அவர்கள் பாடு.

பேசிப் பதிவு செய்வது

நடுவர்கள் ஷோ நடக்கும்போதே பேசிப் பதிவு செய்கிறார்கள். கேசட் காலத்தில் வந்த டேப் என்ற பெயர் கணினிக் காலத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட்டி முடிந்ததும் பயிற்சியாளர்கள் அதைக் கேட்டு மறுநாள் ஒத்திகையை மாற்றுவார்கள். நடுவரைச் சந்தித்து விவாதிக்கும் கூட்டமும் உண்டு. "அருமை, அருமை, ஓ!" என்று ஐந்து நிமிடம் கேட்டு யாருக்கு என்ன பயன்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இடப்பக்க மெல்லஃபோன்கள் பின்னோக்கிப் போகும்போது கடைசி மூன்று பேரின் இடைவெளி அகலுகிறது. நடை நின்றபிறகுதான் சுருதி நிலைக்கிறது." யார், எப்போது, எது, எதனால். நல்லதையும் அதே நுணுக்கத்தோடு சொல்லுங்கள். திட்டுவதற்கு மட்டும் கூர்மை காட்டும் நடுவரைப் பயிற்சியாளர்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை.

வீட்டிலிருந்து பழகுவது

பிள்ளை அமெரிக்க உயர்நிலைப்பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் இருந்தால் உங்களுக்கு இது இன்னும் உடனடியாகப் பயன்படும். அங்கேயும் பெரும்பாலும் இதே தோரணையில்தான் தாள்கள். ஷோ காணொளிகளில் இரண்டு வகை: ஒரே கேமராவை உச்சியில் நிறுத்தி மைதானம் முழுவதையும் எடுத்தது, பல கேமராக்களில் முகங்களையும் கைகளையும் வெட்டி வெட்டிக் காட்டுவது. இரண்டாவது பார்க்கச் சுவாரசியம். மதிப்பிட உதவாது, ஏனென்றால் எங்கே பார்ப்பது என்று உங்களுக்குப் பதில் இயக்குநர் முடிவெடுத்துவிட்டார். உச்சிக் கேமராப் பதிவை எடுங்கள். முதல் முறை எதுவும் எழுதாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு வடிவங்களை மட்டும். மூன்றாம் முறை திரையை மறைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு ஒரே ஆண்டின் வேறொரு கோரையும் அப்படியே. இரண்டுக்கும் 'என்ன' பத்தியை முதலிலும் 'எப்படி' பத்தியைப் பிறகும் நிரப்பி, வெளியான மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடுங்கள். உங்கள் எண் பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள். வரிசை எந்தப் பத்தியில் பிசகியது என்று பாருங்கள். புதியவர்களுக்குப் பெரும்பாலும் பிசகுவது 'என்ன' பத்தியில்தான்.

நேரில் போகிறவர்களுக்கு: சாம்பியன்ஷிப் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் அரங்கில் நடக்கும். வியாழன் முதல் சுற்று, வெள்ளி 25 கோர்களின் அரையிறுதி, சனி 12 கோர்களின் இறுதி. கூரை மூடியிருந்தால் எதிரொலி பலமாக இருக்கும். ஓரத்து இருக்கைகளில் பிராஸ் குழம்பிக் கேட்கும். மதிப்பிடப் பழகுவதற்கென்றே போனால் ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேராக மேல்தளத்தில் இருக்கை வாங்குங்கள். சனிக்கிழமைச் சீட்டு ஒன்றை மட்டும் வாங்குவதைவிட வெள்ளியும் சனியும் சேர்த்து வாங்குவது மேல், ஏனென்றால் ஒரே ஷோவை அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் கேட்டால் ஷோ மாறாமலிருக்க நிகழ்த்துதல் எவ்வளவு மாறுகிறது என்பதை நீங்களே பிடித்துவிடலாம்.